தண்டவாளத்தின் கீழே

ரயிலைப் பற்றி எழுதாத கதாசிரியன் இல்லை. பிரிவுக்கும் சந்திப்புக்கும் ரயில் நிலையத்தைப் போல வசதியான இடம் வேறு கிடையாது. கதாநாயகி கண்ணீரோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால் பாதிக் கதை தானே எழுதிக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த ரயில் எதன் மேல் ஓடுகிறது என்று கேளுங்கள். 'தண்டவாளத்தின் மேல்' என்று சொல்லி நிறுத்திக்கொள்வோம். தண்டவாளம் எதன் மேல் கிடக்கிறது?

இதற்கு விடை எனக்கு வேங்கிக்காலில் கிடைத்தது. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் போகும் சாலையில், மலையைப் பார்த்தபடி இருக்கும் ஊர் அது. மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. நண்பர் ஒருவர் வீடு கட்டிக் குடியிருக்கிறார். அவருடைய மகனுக்குப் பதினைந்து வயது. மாடி அறையில் ஆறடிக்கு நாலடிப் பலகை ஒன்றைப் போட்டு, பொம்மை ரயிலுக்குப் பாதை அமைத்துக்கொண்டிருந்தான்.

பொம்மை என்று சொன்னதற்கு அவன் என்னைத் திருத்தினான். "இது மாதிரி ரயில், மாமா. நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு நடுவே 16.5 மில்லிமீட்டர்."

உலகில் பல நாடுகளில் உள்ள 1,435 மில்லிமீட்டர் பாதைக்கு அந்த அளவு பொருந்தும். நம்முடைய அகலப் பாதை 1,676 மில்லிமீட்டர். ஆகையால் நம் ஊர் ரயிலை இதே கணக்கில் செய்தால் பாதை சற்றுக் குறுகலாகத்தான் இருக்கும் என்பதையும் அவனே சொன்னான்.

முதலில் பலகையில் பென்சிலால் நடுக்கோடு இழுத்திருந்தான். அறிவிப்புப் பலகைக்கு ஒட்டுகிற தக்கைத் தகட்டைப் பட்டை பட்டையாக நறுக்கி, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக ஒட்டினான். ஒரே அகலப் பட்டையாக வைத்தால் வளைவில் மடங்கி மேலே எழும்பிக்கொள்ளுமாம். இரண்டாகப் பிளந்தால் சொன்னபடி வளையும். பசை காயும்வரை குண்டூசிகள். காய்ந்த பின் உப்புத்தாளால் தேய்த்து மேடு பள்ளம் நீக்கினான். அதன் மேல் தண்டவாளத்தை வைத்துச் சிறு ஆணிகளை மெல்ல இறக்கினான். ஓங்கி அடித்தால் கட்டை நடுவில் குழிந்து, தண்டவாளங்கள் நெருங்கி, வண்டி கவிழ்ந்துவிடும்.

"தக்கை எதற்கு? நேராகப் பலகையில் வைத்தால் என்ன?" என்றேன்.

"பலகை மத்தளம் மாதிரி அதிரும். தக்கை சத்தத்தை வாங்கிக்கொள்ளும்."

நண்பருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "பத்தாம் வகுப்புப் பையன் சார்! புத்தகத்தை மூடிவிட்டு மணலும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறான். இந்த வாரமே எல்லாவற்றையும் கட்டி எடைக்குப் போட்டுவிடப் போகிறேன்" என்றார். அவர் குரலில் இருந்த சூடு படிப்பைப் பற்றியது மட்டுந்தானா என்று எனக்கு அப்போதே ஓர் ஐயம் தோன்றியது.

அந்த வேளையில் பெரியவர் படியேறி வந்தார். நண்பரின் தகப்பனார், ரயில்வேயில் வேலை பார்த்தவர் என்று மட்டும் எனக்குத் தெரியும். பேரன் தக்கையின் சரிவில் சலித்த ஆற்று மணலைப் பரப்பி, சோப்பு ஒரு சொட்டுக் கலந்த தண்ணீரால் நனைத்து, கரைத்த பசையை மைக் குழாயால் விட்டுக்கொண்டிருந்தான். கிழவர் குனிந்து பார்த்தார்.

"ஆத்து மணல் வேணாண்டா கண்ணு. உருண்டையா இருக்கறது ஒண்ணு மேல ஒண்ணு நிக்காது, நழுவிடும். உடைச்ச கருங்கல்லுதான் பல்லோட பல்லு கடிச்சுக்கும்."

"பசை பிடிச்சுக்கும், தாத்தா."

"நெசப் பாதையில பசை ஏது? நாங்கதான் பசை."

பிறகு அவர் பேசினார். விழுப்புரம்–காட்பாடி மீட்டர் கேஜ் பாதையில் அவர் கேங்மேன். ஜல்லி, வண்டியின் பாரத்தைக் கட்டையிலிருந்து வாங்கி மண்ணுக்குப் பரப்பிக் கொடுக்கிறது. மழைத் தண்ணீரைத் தங்கவிடாமல் வடிக்கிறது. பாதை பக்கவாட்டில் நகராமல் பிடித்துக்கொள்கிறது. சேறு ஏறி அடைத்துக்கொண்டால் மூன்றும் கெட்டது. பத்துப் பேர் வரிசையாக நின்று பீட்டரால் கட்டைக்கு அடியில் கல்லை இடித்து இறுக்குவார்களாம். மழைக்காலத்தில் இரவு முழுவதும் விளக்கைப் பிடித்துக்கொண்டு பாதை நெடுக நடப்பார்களாம்.

ஏன் நடக்க வேண்டும் என்பதற்கு அரியலூர் இருக்கிறது. 1956 நவம்பர் 23-ஆம் தேதி விடியுமுன், மருதையாற்று வெள்ளம் பாலத்தருகே கரை மண்ணை அரித்துக்கொண்டு போயிருந்தது. தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அங்கே ஆற்றுக்குள் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். நம் மலையும் அந்தப் பாடத்தை அறியும்: 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து, அடிவாரத்தில் ஏழு உயிர்கள் புதைந்தன. காலடியில் இருப்பது நிலைக்கும் என்று நினைப்பதுதான் மனிதனுடைய பெரிய நம்பிக்கை. அதை யாரோ சிலர் இரவில் நடந்து காப்பாற்றித் தருகிறார்கள்.

"நீங்க கேங்மேனா, தாத்தா? எனக்கு யாருமே சொல்லலையே!" என்றான் பையன்.

அறையில் ஒரு கணம் பேச்சில்லை. நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பள்ளி விண்ணப்பத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை 'ரயில்வே ஊழியர்' என்ற இரண்டு சொல்லுக்குள் தகப்பனாரை ஒளித்து வைத்தவர் அவர். அந்த ஜல்லிதான் அவரைப் பட்டதாரியாக்கிற்று. அலுவலக நாற்காலியில் உட்கார வைத்தது. கிழவர் கோபித்துக்கொள்ளவில்லை. பேரனுடைய விரலைப் பிடித்துத் தம் உள்ளங்கையில் காய்த்திருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினார், அவ்வளவுதான்.

பலகை எடைக்குப் போகவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வீடு கட்டும் இடத்திலிருந்து ஒரு பொட்டலம் கருங்கல் தூளை நண்பரே வாங்கி வந்தார். டீ வடிகட்டியில் தகப்பனார் சலித்துக் கொடுக்க, மகன் பரப்ப, நண்பர் பக்கத்தில் உட்கார்ந்து பசையைக் கரைத்தாராம். "கொஞ்சம் கெட்டியாகக் கரைத்துவிட்டேன் போலிருக்கிறது, அப்பா திட்டுகிறார்" என்று தொலைபேசியில் சொன்னார். சொன்ன குரலில் வெட்கம் இருந்தது. ஆனால் அது பழைய வெட்கம் அல்ல.