ஒரு மக் தண்ணீர்

செமஸ்டர் லீவு முடிந்து ஹாஸ்டலுக்குத் திரும்பி, பாத்ரூம் கதவைத் திறந்ததும் முகத்தில் அறையுமே ஒரு நாற்றம், அது நம் எல்லாருக்கும் தெரியும். இந்தத் தடவை என் ரூம்மேட் பினாயில் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்தான். நான் அவனை நிறுத்திவிட்டு, தரையில் இருக்கிற ஜாலிக்குள் ஒரு மக் தண்ணி மட்டும் ஊற்றினேன். கால் மணி நேரத்தில் நாற்றம் போய்விட்டது. "எப்படிடா?" என்று கேட்டான். சொல்கிறேன். ஆனா அதுக்கு முதலில் ஒரு பாய்மரப் படகைப் பற்றிச் சொல்லணும். கொஞ்சம் அசிங்கமான கதை, என் பக்கம்தான் அசிங்கம்.

என் தாய்மாமா சென்னையில் ஒரு பாய்மரப் படகு கிளப்பில் வேலை பார்க்கிறார். 11 வருஷமா அதே வேலை. படகுகளைக் கழுவுவது, கயிறு மாற்றுவது, ஓனர்கள் வரும்போது பாயை ஏற்றிக் கொடுப்பது. போன வருஷம் ஜனவரியில் ஒரு 22 அடி ஃபைபர் படகைக் கரையில் ஏற்றி ரிப்பேர் பார்த்தார்கள். நான் மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். "எபாக்சி வேலை கத்துக்கிறியா?" என்று மாமா கூப்பிட்டார். பத்து நாள் போனேன்.

படகின் வயிற்றுப் பகுதி எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். நாம் நிற்கிற பலகைக்கு அடியில் பள்ளமா ஒரு இடம் இருக்கும். அதுக்குப் பேர் பில்ஜ். படகுக்குள் எங்கே தண்ணி விழுந்தாலும் கடைசியில் அங்கேதான் போய்ச் சேரும். எல்லாவற்றையும்விடத் தாழ்வான இடத்தில் ஒரு குழி, அதில் ஒரு கை பம்ப். படகு முறுக்கிக்கொள்ளாமல் இருக்க அடியில் குறுக்குச் சட்டங்கள் வைத்து ஃபைபரால் ஒட்டியிருப்பார்கள். அந்த முன்பக்கச் சட்டம் ஒன்றில் விரிசல் இருந்தது. அதைச் சரிசெய்வதுதான் என் வேலை.

செய்தேன். தேய்த்து, புட்டி போட்டு, உப்புத்தாளால் இழைத்து, ரெசின் பூசி, கண்ணாடி மாதிரி கொண்டுவந்தேன். சட்டத்தின் அடியில், நடுவில், கட்டை விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. ஓரமெல்லாம் பிசிறு, உள்ளே சேறு. எவனோ பழைய போல்ட்டைக் கழட்டிவிட்டு அப்படியே விட்டிருக்கிறான் என்று நினைத்தேன். அதையும் சேர்த்து அடைத்தேன். மேலே படுக்கைப் பலகையை வைத்து எட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸும் வைத்தேன்.

மே மாசம் லீவுக்கு மறுபடி போனப்போ மாமா முகமே சரியில்லை. அந்தப் படகில் "கப்பு அடிக்குது" என்று ஓனர் மூன்று தடவை கம்ப்ளைன்ட் கொடுத்திருந்தார். கேபின் கதவைத் திறந்தா அழுகின முட்டை வாடை. கடைசித் தடவை, "இந்த ஆள் பில்ஜைக் கழுவறதே இல்ல, ஆளை மாத்துங்க" என்றே சொல்லிவிட்டாராம். மாமா அந்த பம்ப் குழியை வாரத்துக்கு ரெண்டு தடவை கழுவிக்கொண்டிருந்தார். பினாயில் ஊற்றினார். பிளீச்சிங் பவுடர் போட்டார். ஓனர் தன் பங்குக்கு கார் பெர்ஃப்யூம் நாலு வாங்கித் தொங்கவிட்டார். இப்போ மல்லிகைப்பூ வாசத்தோட அழுகின முட்டை.

உண்மையைச் சொல்லணும். எனக்கும் மனசுக்குள்ள ஓனர் சொன்னது சரியா இருக்குமோ என்றுதான் தோன்றியது. மாமாவுக்கு வயசாகுது, முட்டி வலி, குனிந்து கழுவ முடியலையோ என்று. கேட்கவில்லை, ஆனா நினைத்தேன்.

கூடவே நான் படித்த படிப்பையும் காட்டினேன். அழுகின முட்டை வாடை என்றால் ஹைட்ரஜன் சல்ஃபைடு. ஒரு லிட்டர் கடல் தண்ணியில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும், அதில் சல்ஃபேட் மட்டுமே 2.7 கிராம் வரும். தண்ணி அசையாமல் மூடிய இடத்தில் தேங்கினால், அதில் இருக்கிற ஆக்ஸிஜன் முதலில் தீரும். அதுக்கப்புறம் ஆக்ஸிஜன் தேவைப்படாத ஒரு வகை பாக்டீரியா வேலையைத் தொடங்கும். நாம் ஆக்ஸிஜனை வைத்துச் செய்கிற காரியத்தை அது சல்ஃபேட்டை வைத்துச் செய்யும். வெளியே விடுவது இந்த வாயு. அதுக்குச் சாப்பாடா கொஞ்சம் சேறு, பாசி, அழுக்கு இருந்தால் போதும்.

மாமா பொறுமையா கேட்டுவிட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னார். "அதெல்லாம் சரி மாப்ளே. தண்ணி எங்க குந்தினு கீது? நான் கழுவுற எடத்துல தண்ணியே இல்லியே."

எனக்கு அப்போதான் உறைத்தது. பம்ப் குழி காய்ந்துதான் இருந்தது. ஜனவரி வரைக்கும் ஒவ்வொரு நாள் ஓட்டத்துக்கும் அப்புறம் அதில் தண்ணி நிற்குமாம், பம்ப் அடித்து எடுப்பாராம். "ரிப்பேருக்கு அப்புறம் தண்ணியே வர்ல. நீ நல்லா அடச்சிட்டேன்னு நெனச்சேன்" என்றார். பாராட்டாத்தான் சொன்னார்.

மறுநாள் காலை ஒரு சோதனை செய்தோம். ஒரு பக்கெட் தண்ணியில் சொட்டு நீலம் கலந்து, பாய்மரத்தின் அடி வந்து ஊன்றுகிற இடத்தில் ஊற்றினோம். முன்பக்கம் எந்தத் தண்ணி இறங்கினாலும் அந்த வழியாத்தான் போகணும். மாமா ஊற்றினார், நான் பின்னால் பம்ப் குழியில் டார்ச் அடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். அரை மணி. ஒரு சொட்டு நீலம் வரவில்லை. ஒரு பக்கெட் தண்ணி படகுக்குள்ளேயே காணாமல் போயிருந்தது.

முன்பக்கப் படுக்கையில் இருந்த எட்டு ஸ்க்ரூவையும் கழட்டினேன். பலகையைத் தூக்கினதும் வந்த நாற்றத்தில் எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. தலையை உள்ளே விடப் போனேன், மாமா சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "மொத காத்து போவட்டும்." மேலே இருக்கிற மூடி, கேபின் கதவு ரெண்டையும் திறந்துவிட்டு நாங்கள் வெளியே டெக்கில் உட்கார்ந்தோம்.

இந்த இடத்தை மட்டும் சீரியஸா படிங்க மக்களே. ஹைட்ரஜன் சல்ஃபைடு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவா இருந்தாலே மூக்குக்குத் தெரியும். ஆனா 100 பங்கு அளவுக்குப் போனால் சில நிமிஷத்தில் மூக்கு மரத்துவிடும். வாயு அப்படியே இருக்கும், வாடை மட்டும் தெரியாது. "பழகிடுச்சு, இப்போ நாத்தம் இல்ல" என்று தோன்றுகிற நேரம்தான் ஆபத்தான நேரம். பாதாளச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்கிவிடப்பட்டு மனுஷங்க சாகிறார்களே, அங்கே இருக்கிற வாயுக்களில் இதுவும் ஒன்று. எங்க படகில் இருந்தது அந்த அளவு கிடையாது. ஆனா மூடிய இடம் என்றால் முதலில் திறக்கணும், காத்திருக்கணும், தனியா இறங்கக் கூடாது. மாமாவுக்கு இந்த எண் எதுவும் தெரியாது, விஷயம் தெரியும்.

அப்புறம் உள்ளே பார்த்தோம். கருப்புத் தண்ணி. மேலாக நீலம் மிதந்தது. நங்கூரக் கயிறை ஈரத்தோட உள்ளே போடுகிறோம், அதோட துறைமுகச் சேறும் வருது. நனைந்த பாயையும் அங்கேயே திணிக்கிறோம். நாலு மாசத் தண்ணி அது. தண்ணியைக் கருப்பாக்குவது இரும்பு சல்ஃபைடு. அந்தத் தண்ணிக்கும் பம்ப் குழிக்கும் நடுவில் ஒரு சட்டம். சட்டத்தின் அடியில் கட்டை விரல் அளவுக்கு ஒரு வட்டம், மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் வெளிறிப்போய், வழவழவென்று.

என் வேலை. அது போல்ட் ஓட்டை இல்லை. சட்டத்தைத் தாண்டித் தண்ணி ஓடுவதற்கென்றே படகு கட்டும்போது வைத்த வழி.

மாமாவும் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சரி, மக்கு எடு" என்றார்.

ரெண்டரை பக்கெட் இறைத்தோம், நாங்க ஊற்றினதும் சேர்த்து. துறைமுகத்தில் கொட்டாமல் கேனில் பிடித்துக் கரைக்குக் கொண்டுபோனோம். சேறைத் தகரத்தால் வழித்து, சோப்புத் தண்ணி போட்டு பிரஷ்ஷால் தேய்த்தோம். பிளீச்சிங் பவுடரைத் தொடவில்லை. அது சரியான இடத்தில் சரியான அளவில் போட்டால் கிருமியைக் கொல்லும். ஆனா தண்ணி தேங்குகிற வழியை மாற்றாமல் போட்டால் அடுத்த வாரமே மறுபடி வரும். ஆசிட்டோட சேர்ந்தால் குளோரின் வாயு வேற.

நான் ஒரு கடல் தண்ணி பக்கெட்டை எடுத்து அலசப் போனேன். மாமா தடுத்தார். "நல்ல தண்ணி ஊத்து. உப்புத் தண்ணி ஊத்துனா காயவே காயாது." இதுக்குக் காரணம் எனக்கு அப்புறம்தான் புரிந்தது. கடல் தண்ணி காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாவே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் இருக்கிற மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். சென்னையில் ராத்திரி ஈரப்பதத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பகலில் காய்ந்தது ராத்திரி மறுபடி நனையும். அதனால நல்ல தண்ணியால் மூன்று தடவை அலசி, ஸ்பாஞ்சால் ஒற்றி எடுத்தோம். மெத்தை உறையை உருவி, ஃபோமைத் தனியா அலசி வெயிலில் போட்டோம். கரைக்குக் கொண்டுவந்து, பலகையெல்லாம் கழட்டி, ரெண்டு நாள் டேபிள் ஃபேன் ஓடியது.

மூன்றாம் நாள் நான் அடைத்த ஓட்டையை நானே திறந்தேன். கை டிரில், அப்புறம் உருண்டை அரம். அதோட முடியவில்லை. ஓட்டையின் உள்சுவருக்கு ரெசின் பூசணும், இல்லையென்றால் சட்டத்துக்குள்ளேயே தண்ணி ஊறும். ரெசின் இறுகினதும் மாமா ஒரு நைலான் கயிற்றில் நாலைந்து முடிச்சுப் போட்டு ஓட்டைக்குள் விட்டு, ரெண்டு முனையையும் மேலே கட்டினார். அப்பப்போ முன்னும் பின்னும் இழுத்தால் சேறு அடைக்காது. பழைய மரக் கப்பல்களில் இதே வேலைக்குச் சங்கிலி போட்டிருப்பார்கள்.

படுக்கைப் பலகைக்கு ஸ்க்ரூ போடவில்லை. தாழ்ப்பாள் வைத்தோம், யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மாதிரி. மறுபடி ஒரு மக் நீலத் தண்ணி ஊற்றினோம். அரை நிமிஷத்துக்குள் பம்ப் குழியில் நீலம். மாமா ஒரு பீடி பற்றவைத்தார். அவ்வளவுதான் கொண்டாட்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஓனர் வந்தார். கேபினைத் திறந்து மோந்து பார்த்தார். "இப்பதான் ஒழுங்கா கழுவியிருக்கீங்க" என்றார் மாமாவிடம். மாமா தலையை ஆட்டினார். முந்தின நாள் ராத்திரியே என்னிடம் சொல்லியிருந்தார், "நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. படிக்கிற புள்ள. போனதோட போச்சு."

எனக்கும் அதுதான் வசதி. ஓனர் கரையில் பாதி தூரம் நடந்து போகிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் ஓடிப்போய், "சார், அவர் முன்னாடியும் ஒழுங்காத்தான் கழுவினார். தண்ணி போற வழியை ஜனவரியில அடைச்சது நான்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "ஓ" என்றார். காரில் ஏறிப் போய்விட்டார். மாமாவிடம் சாரி கேட்கவில்லை. ஆளை மாற்றுகிற பேச்சும் அதுக்கப்புறம் வரவில்லை. மாமா ரெண்டு நாள் என்னோட சரியா பேசவில்லை. சொன்னதுக்கா, முன்னாடியே சொல்லாததுக்கா என்று இன்னும் நான் கேட்கவில்லை.

இப்போ ஹாஸ்டல் பாத்ரூம். அந்த ஜாலிக்கு அடியில் குழாய் வளைந்து, அந்த வளைவில் எப்பவும் கொஞ்சம் தண்ணி நிற்கிற மாதிரி வைத்திருப்பார்கள். சாக்கடைக் காற்று மேலே வராமல் அந்தத் தண்ணிதான் கதவு மாதிரி தடுக்குது. லீவில் யாரும் குளிக்காததால் அது ஆவியாகிப் போயிடும், கதவு திறந்துகொள்ளும். படகில் தேங்கின தண்ணியை எடுக்கணும், இங்கே தேங்க வேண்டிய தண்ணியை ஊற்றணும். நாற்றம் ரெண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரெண்டு இடத்திலும் பினாயில் தண்டம்.

ரூம்மேட்டிடம் இவ்வளவும் சொன்னேன். "அப்போ அந்த ஸ்டேட்டஸ் போட்டோ?" என்று கேட்டான். இன்னும் போனில் இருக்கிறது. ஜூம் செய்து காட்டினேன். வழவழவென்று, ரொம்ப அழகாத்தான் அடைத்திருக்கிறேன்.