புலியும் பழியும்

சிங்கத்தின் பெயர் தாங்கிய சிங்கப்பூர்க் காட்டில் சிங்கம் வாழ்ந்ததில்லை, வாழ்ந்தது புலியே. பெயரில் மட்டும் இருந்த விலங்கு பெருமை பெற்றது. மண்ணில் இருந்த விலங்கின் தலைக்கோ விலை வைக்கப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், இன்று கூட்டம் நெரியும் சிராங்கூன் சாலையும் நகரைக் கடந்தால் தோட்டமும் காடுமாகவே கிடந்தது. காம்பியர் இலையைக் காய்ச்ச விறகு வேண்டும். மண்ணோ சில ஆண்டுகளில் வளமிழக்கும். ஆகவே கோடரி மேலும் மேலும் காட்டினுள் நுழைந்தது. அங்கே புலியின் எதிரே நின்றவன் தோட்ட முதலாளி அல்லன். குனிந்து இலை பறித்த சீனக் கூலியாள். அரசு பரிசுத்தொகை அறிவித்தது. இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளையும் வேட்டைக்கு அனுப்பியது.

உயிர் காக்கக் கொல்வதை அறம் பழிக்காது. ஆயின் அதனை வீரமென்று கொண்டாடுவதை எங்ஙனம் ஏற்கும்? 1902-இல் சர்க்கஸிலிருந்து தப்பிய புலி ஒன்று ராபிள்ஸ் ஓட்டலின் பில்லியர்ட்ஸ் கூடத்தடியில் பதுங்கியபோது சுட்டுக் கொல்லப்பட்டது. அதன் அச்சத்தை எவரும் நினைப்பதில்லை. கதை மட்டும் இன்றும் சுவை குன்றாது சொல்லப்படுகிறது. தீவின் கடைசிக் காட்டுப்புலி 1930-இல் சுவா சூ காங்கில் வீழ்ந்தது என்பர்.

காட்டு விலங்குகளைக் காக்கும் சட்டம் 1965-இல் வந்தது. அப்போது காப்பதற்குப் புலி இல்லை. இன்று காட்டுப்பன்றியும் குரங்கும் அடுக்குமாடிகளின் ஓரம் வருகின்றன. அவற்றைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுமுன் ஒன்றை எண்ணுதல் வேண்டும்: யார் இல்லத்தில் யார் முதலில் புகுந்தனர்?