கூண்டு ஏற்றிய நாட்கள்

நவம்பர் 22, ஸ்வராஜ் தீவு

எலிஃபண்ட் பீச்சிலிருந்து படகில் ஜெட்டிக்குத் திரும்பியதும்தான் போனில் உயிர் வந்தது. தம்பி. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறாள். இடுப்பெலும்பு முறிவு. திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. சர்க்கரை இறங்கினால்தான் ஆபரேஷனாம். "நீ பதறாதக்கா. நான் பாத்துக்கிடுதேன்" என்றான். பார்த்துக்கொள்வான்தான். ஆனால் அம்மா அவனிடம் பெட்பேன் கேட்க மாட்டாள்.

நாளை மறுநாள் காலைக் கப்பல், அன்று மதியமே சென்னைக்கு விமானம். அதுவரை கையைப் பிசைந்துகொண்டு இருக்க முடியாது என்பதால் காலையில் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

மிதவையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் போதும், வழிகாட்டிப் பையன் இழுத்துக்கொண்டு போகிறான். கடல்தாமரைக்குள் ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள். கிளிமீன் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் தண்ணீருக்குள் தெளிவாகக் கேட்கிறது. அப்பளம் நொறுக்குவது போல. ஆனால் செத்துச் சாம்பல் பூத்த பவளமும் நிறைய. 2010இலும் 2016இலும் கடல் சூடேறி இங்கே பவளங்கள் வெளுத்துப்போயின. கொஞ்ச தூரத்தில் தலையில் பெரிய ஹெல்மெட்டைக் கவிழ்த்து ஆட்களை ஏணி வழியாகத் தரைக்கு இறக்கினார்கள். மீனுக்குத் தீனி போடச் சொல்லி போட்டோ. என்னைக் கேட்டால் இதை நிறுத்திவிடலாம். நீந்தத் தெரியாதவர்களுக்கு அடியில் கண்ணாடி பதித்த படகு இருக்கிறதே.

நவம்பர் 23

அந்தமான் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. போர்ட் பிளேரில் கூண்டு ஏற்றிவிட்டார்களாம். நாளைக்குக் கப்பல் இல்லை.

நவம்பர் 24

இன்று எல்லோர் மேலும் கோபம். கடல்மேல், கணவர்மேல், பயண ஏற்பாட்டாளர் தந்த அட்டவணைமேல். முதல் நாள் ஸ்நார்க்கெலிங், இரண்டாம் நாள் ஸ்கூபா, அன்று இரவே அலையாத்திக் காட்டுக்குள் கயாக். மணிக்கு மணி போட்டிருக்கிறார்கள். காற்றுக்கு ஒரு கட்டம்கூட ஒதுக்கவில்லை.

ஸ்கூபா ரத்து. கயாக் ரத்து. விமானமும் போயிற்று. 2020இல் சென்னையிலிருந்து கடலுக்கடியில் கேபிள் இழுத்து இந்தத் தீவுவரை கொண்டுவந்தார்கள். இருந்தும் என்ன, கரண்ட் போனால் டவரும் போகிறது. தம்பியிடமிருந்து கடைசியாக வந்த குறுஞ்செய்தி: "சுகர் 310."

என் பையன் பொறுக்கிய கிளிஞ்சல்களைப் பிஸ்கட் டப்பாவில் நிரப்பிவைத்திருக்கிறான். விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள் என்றேன். "நாமதான் போகலையே" என்றான்.

நவம்பர் 26

விடுதியில் சமைக்கிற அக்காவுக்குத் தமிழ் தெரியும் என்பது இன்றுதான் தெரிந்தது. இந்தத் தீவில் பெரும்பாலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அக்காவும் வங்காள மொழியில்தான் கத்திக்கொண்டிருந்தார். ரசம் வைக்கலாமா என்று கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். "புளி இருக்கும்மா" என்றார் அடுப்படியிலிருந்து.

பிறந்தது நிக்கோபாரில் கச்சால் தீவு. தாத்தா பாட்டி கண்டிச் சீமையில் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள். சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் சிலரைக் கச்சாலில் ரப்பர் தோட்டம் போட அரசு கொண்டுபோய் இறக்கியது. அக்காவின் அப்பா அங்கே பால்வெட்டு.

மழை விட்டிருந்தது. தண்ணீர் வற்றும் நேரம், சிப்பி பொறுக்கப் போகிறேன், வருகிறீர்களா என்றார். பையனும் வந்தான். கரையெல்லாம் துறவி நண்டுகள். ஒன்று ஷாம்பூ மூடியை முதுகில் சுமந்துகொண்டு போனது. பையன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. "உடம்பு வளர வளர பெரிய கூடு தேடணும் அது. கெடைக்கலன்னா இதுக்குள்ள பூந்துக்கும்" என்றார்.

2000ஆம் ஆண்டின் முதல் சூரியன் இந்திய மண்ணில் முதலில் கச்சாலில்தான் உதிக்கும் என்று ஊரெல்லாம் விளம்பரம் செய்தார்கள், நினைவிருக்கிறதா என்று கேட்டேன்.

"இல்லாம? கலெக்டர் வந்தாரு, டிவிக்காரங்க வந்தாங்க. நாங்க அன்னைக்கும் பால் எடுக்கத்தான் போனோம். மரத்துக்கு புது வருசம் ஏது?"

கிட்டத்தட்ட ஐந்து வருஷம் கழித்து, 2004 டிசம்பர் 26, சுனாமி. அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். நிலநடுக்கத்தில் வட அந்தமான் பக்கம் தரை மேலெழும்பி, பவளப்பாறை வெயிலில் காய்ந்து செத்தது. நிக்கோபார் பக்கம் தரை தாழ்ந்தது. வந்த தண்ணீரில் கொஞ்சம் திரும்பிப் போகவே இல்லை. தென்னந்தோப்பு இருந்த இடத்தில் இன்றும் கடல் நிற்கிறது. அக்கா வீட்டார் மேட்டில் ரப்பர் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்களாம்.

"கப்பல் வரும்னு யாரும் சொல்லல. வராதுன்னும் சொல்லல. இளநீ இருந்துச்சு. சின்னப் பிள்ளைங்களுக்கு மொதல்ல குடுத்தோம்."

எத்தனை நாள் என்று கேட்டேன்.

"யாரு எண்ணுனா?"

திரும்பும்போது அம்மா விஷயத்தைச் சொன்னேன். அக்கா ஒன்றும் சொல்லாமல் சிப்பிக் கூடையை இடுப்பு மாற்றிக்கொண்டார். அப்புறம், மணி பத்தானால் ஜெட்டிக்குப் பின்னால் மேட்டில் ஒரு இடத்தில் சிக்னல் எட்டும், வாங்க காட்டுறேன் என்றார்.

எட்டவில்லை.

நவம்பர் 27

ஆபரேஷன் முடிந்ததா, நாளைக்கா, எதுவும் தெரியாது.

நவம்பர் 28

காற்று குறைந்திருக்கிறது. கணவர் வற்புறுத்தி ராதாநகருக்குக் கூட்டிப்போனார். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதிய இடம். வழியெல்லாம் படாக் மரங்கள், பாக்குத் தோப்புகள். பையன் புலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே வந்தான். இந்தத் தீவுகளில் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. புள்ளிமான்கூட வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டதுதான். தடுக்க ஆளில்லாமல் பெருகிக் காட்டின் இளங்கன்றுகளைத் தின்று தீர்க்கிறது. யானைகளும் மரம் இழுக்க வந்தவைதான். தீவுக்குத் தீவு நீந்தவும் வைத்தார்கள். அவற்றில் கடைசியாக இங்கே நீந்திய ராஜன் 2016இல் இறந்தது. அதன் படம் இன்னும் விடுதிச் சுவர்களில் தொங்குகிறது, ஏதோ நாளைக்கும் வந்து நீந்தப்போவது போல.

உண்மையில் இங்கே பயப்பட வேண்டியது உவர்நீர் முதலைக்கு. 2010இல் இந்தக் கரையை ஒட்டி ஸ்நார்க்கெலிங் செய்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணை முதலை கொன்றது. எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதன்மேல் துண்டைக் காயப்போட்டுவிட்டுக் குளிக்கப் போகிறவர்களும் இருக்கிறார்கள். காவலர் ஊதி ஊதி ஓய்ந்துபோகிறார்.

ஐந்து மணிக்கே சூரியன் இறங்கிவிட்டது. அலை காலைச் சுற்றிக்கொண்டு போனபோது, எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை, அம்மா நினைவே வரவில்லை எனக்கு. வந்ததும் நெஞ்சு அடைத்தது.

இரவு விடுதிக்குப் பின்னால் பையன் கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்தால் ஓடைமுகத்தில் நின்று தண்ணீரை உதைக்கிறான். உதைத்த இடமெல்லாம் நீலப்பொறி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், தண்ணீர் கலங்கினால் ஒளிவிடும். இதைக் காட்டத்தான் கயாக்கில் தலைக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள். முதலை ஞாபகம் வந்து அவனைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தேன். அறைக்கு வந்தபோது பிஸ்கட் டப்பா காலியாகக் கிடந்தது. நான் கேட்கவில்லை.

நவம்பர் 29

டவர் வந்தது. அம்மாவே பேசினாள். "அங்க மழையா? பிள்ளைய நனைய விடாத." அவ்வளவுதான் பேசினாள். பிறகு தம்பி வாங்கிக்கொண்டான். சுகர் 220. டாக்டர் இன்னும் தேதி சொல்லவில்லை.

நவம்பர் 30

கூண்டை இறக்கிவிட்டார்கள். ஜெட்டியில் விடிவதற்கு முன்பே வரிசை. நோயாளிகள், கைக்குழந்தைக்காரர்கள் முதலில். அதுதான் முறை, அப்படித்தான் ஏற்றினார்கள். எங்களுக்கு மதியக் கப்பலில் இடம். சென்னை விமானத்துக்கு நாளை மறுநாள்தான் டிக்கெட், அதுவும் இரண்டு மடங்கு விலையில்.

அக்காவிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டேன்.

ஒன்று மட்டும் சொல்லிவைக்கிறேன். இந்தத் தீவுகளுக்கு வருகிறவர்கள் வெளித்தீவுகளை முதலில் முடித்துவிட்டு, ஊர் திரும்புவதற்கு முந்தைய இரண்டு இரவுகளைப் போர்ட் பிளேரிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் பார்க்க நிறைய இருக்கிறது. பறவைகளுக்குச் சிடியாடாப்பு, பவளத்துக்கு வண்டூர் கடல் தேசியப் பூங்கா. பூங்காவுக்குப் பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோக விடமாட்டார்கள். வீட்டிலிருந்தே ஸ்டீல் பாட்டில் எடுத்து வாருங்கள்.