ஒரு மதிப்பெண் பாக்கி

போன வாரம் குருசடை தீவில் எடுத்த படங்களைப் போட்டதும், "சார், இந்த வயசுல படகா?" என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். பாம்பனுக்குப் பக்கத்தில் குந்துகாலில் படகு ஏறினால் கொஞ்ச நேரம்தான். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குருசடை என்றதும் என்னிடம் விலங்கியல் படித்தவர்களுக்குப் பலனோகிளாசஸ் ஞாபகம் வரும். அதை மண்புழு மாதிரி வரைந்து எத்தனை பேர் திட்டு வாங்கினீர்கள்! மணலுக்குள் வளை தோண்டி வாழும் புழு அது. நான் தேடியும் கண்ணில் படவில்லை. கரையோரம் கடல் அட்டையும் நட்சத்திர மீனும் பார்த்தோம். தண்ணீருக்கடியில் பச்சைப் பசேலென்று கடற்புல். ஆவுளியா மேய்வது இதைத்தான். அந்தக் கடல்பசுவைப் பார்ப்பது இப்போது மீனவர்களுக்கே அபூர்வம்.

திரும்பும்போது மகள், "மொத்தம் எத்தனை தீவுப்பா?" என்றாள். வாய் தானாக "21" என்றது. சொன்ன பிறகுதான் அந்தப் பையன் நினைவுக்கு வந்தான்.

2005 அல்லது 2006 இருக்கும். காலாண்டுத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வி: மன்னார் வளைகுடாத் தீவுகளின் எண்ணிக்கை என்ன? தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒருவன் 19 என்று எழுதியிருந்தான். தவறு போட்டேன். விடைத்தாளோடு வந்து நின்றான். "விலங்குசல்லி தண்ணிக்குள்ள போயிருச்சு சார். பூவரசன்பட்டியும் போயிருச்சாம். எங்கப்பா சொன்னாரு."

"புத்தகத்துல என்ன இருக்கோ அதை எழுது" என்று அனுப்பிவிட்டேன். அப்போது என் மேசையில் விடைத்தாள்கள் பறக்காமல் இருக்க வைத்திருந்தது ஒரு வெள்ளைப் பவளக்கல்.

அவன் சொன்னதுதான் சரி. அந்த இரண்டும் கடலுக்குள் மூழ்கிவிட்டன. பவளம் என்பது கூட்டமாக வாழும் சிற்றுயிர்கள் கட்டும் சுண்ணாம்புக் கூடு என்று பாடம் நடத்தியவனே நான்தான். உருண்டைப் பவளங்கள் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தாலே பெரிது. அதைப் பல வருடங்கள் பெயர்த்தெடுத்து, சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டட வேலைக்கும் ஏற்றினார்கள். தீவுக்கு முன்னால் நின்று அலையை வாங்கிக்கொள்வது பவளப் பார்தான். பார் போனால் அலை நேராக மணலில் வந்து அடிக்கும். வெறும் மணல்திட்டு எத்தனை நாள் தாங்கும்? 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 2001-ல் புலி இருக்கும் அதே சட்டப் பட்டியலில் பவளத்தையும் சேர்த்தார்கள். தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் கரைந்துகொண்டே வந்ததால், சிமென்ட்டில் வார்த்த செயற்கைப் பாறைகளை அதற்கு முன்னால் கடலில் இறக்கியிருக்கிறார்கள். பவளத்தை வெட்டியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. என் மேசையில் இருந்தது எங்கிருந்து வந்ததாம்?

வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து அந்தக் கல்லைத் தேடி எடுத்தேன். உடம்பெல்லாம் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொன்றும் ஓர் உயிர் இருந்த இடம். வனத்துறை அலுவலகத்தில் ஒப்படைக்கப்போகிறேன். என்ன சொல்வார்களோ!

தம்பி, உன் பெயரை இங்கே எழுதவில்லை. படித்தால் உனக்கே தெரியும். அன்றைக்கு 25-க்கு 23 வாங்கியிருந்தாய். 24 என்று திருத்திக்கொள். அப்பா நன்றாக இருக்கிறாரா? இப்போது எந்தெந்தத் தீவு கரைகிறது என்று அவரிடம் கேட்டு எனக்கு எழுது.