மணிமுக்தா: மலைத்தடம் முதல் கூடலையாற்றூர் வரை

மணிமுக்தா ஆறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் பாடப்புத்தகத்தில் பதில் உண்டு. கல்வராயன் மலையின் கிழக்குச் சரிவிலிருந்து மணி, முக்தா என்று இரண்டு ஓடைகள் இறங்கி ஒன்றாகின்றன. ஐப்பசி மழையில் அந்தச் சரிவில் நின்று பார்ப்பவருக்கு இன்னொரு பதிலும் கிடைக்கும். ஓடைகள் பெருகுவதற்கு முன்பே பாதைகள் ஓட ஆரம்பித்துவிடுகின்றன. மாடு போன தடம், விறகுக்குப் போன தடம், பைக் ஏறிய தடம் என மனிதக் கால் பட்டு இறுகிய இடமெல்லாம் தண்ணீரை உறிஞ்சாமல் கீழே அனுப்புகிறது. ஆற்றின் முதல் வாய்க்கால்களை வெட்டியது நாம்தான். காட்டுப் பாதைகள் திறந்திருக்க வேண்டும் என்று கேட்கும் ஜீப், பைக் பிரியர்களைப் பற்றிப் பேச நினைத்தபோது, அங்கிருந்து ஆற்றோடு இறங்கிப் போவதே சரியென்று பட்டது. மலையில் உருளும் சக்கரத்துக்குக் கீழே ஆற்றங்கரை ஊரான விருத்தாசலத்தில் ஒரு கணக்கு இருக்கிறது.

கல்வராயன் மலை கள்ளக்குறிச்சிக்கும் சேலத்துக்கும் இடையே பரந்து கிடக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலை. ஊட்டி போல உயரமில்லை. பெரும்பாலும் 2,000 முதல் 3,000 அடிதான். மரவள்ளி, சாமை, கடுக்காய், தேன், இவைதான் பிழைப்பு. மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் குன்றுக்கொன்றாகச் சிதறிக் கிடக்கின்றன. சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் இந்த மலை 1976 வரை இருந்தது. நாடு சுதந்திரமடைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டு கழித்துத்தான் அரசு நிர்வாகம் முழுதாக மலையேறியது என்றால், தார் ரோடு எப்போது ஏறியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அதுவரை எல்லாம் ஒற்றையடிப் பாதைதான். பிரசவ வலி எடுத்தவளைத் தூளி கட்டித் தூக்கி வந்ததும் அதே பாதையில்தான்.

இப்போது கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை ஒட்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலையில் சனி, ஞாயிறுகளில் புதுச்சேரி, சென்னைப் பதிவெண் பைக்குகள் வரிசையாகப் போகின்றன. ராயல் என்ஃபீல்டின் ஹிமாலயன் 2016-ல் வந்தது, ஹீரோவின் எக்ஸ்பல்ஸ் 2019-ல் வந்தது. தார் ரோடு முடிகிற இடத்தில்தான் பயணம் தொடங்குகிறது என்று சொல்லியே விற்கப்படும் வண்டிகள் இவை. வாங்கியவன் ஜி.எஸ்.டி. ரோட்டிலேயே ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த ஆசையில் எனக்குக் குறை தெரியவில்லை. குறை, ரோட்டை விட்டு இறங்கிய பிறகு நடப்பதில் இருக்கிறது.

ஈரச் சரிவில் பைக் ஏறும்போது பின்சக்கரத்தைக் கவனியுங்கள். பிடி கிடைக்காமல் ஓரிடத்திலேயே சுழலும். அப்போது அறுபடுவது புல்லின் வேர். மேலே விரல் ஆழத்துக்கு ஒரு கோடு விழும். ஓட்டியவன் போய்விடுவான். அடுத்த பெருமழையில் அந்தக் கோட்டுக்குள் தண்ணீர் புகுந்து, மேலும் அறுத்துக்கொண்டு இறங்கும். மழைக்காலம் முடிவதற்குள் கோடு முழங்கால் ஆழப் பள்ளமாகிவிடும். அடுத்து வருகிறவன் பள்ளத்துக்குப் பயந்து ஓரமாகப் புல்லின் மேல் ஏற்றுவான். அங்கே இன்னொரு கோடு. ஒற்றையடிப் பாதை இப்படித்தான் நாலடிப் பாதையாகிறது, பிறகு யாருக்கும் பயன்படாத ஓடையாகிறது. தலைச்சுமையோடு வரும் ஒரு பெண் அதில் கால் வைக்க முடியாது.

அதே மலையில் ஒரு சரிவில் வேறொன்றையும் பார்த்தேன். பாதைக்குக் குறுக்கே, நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாக, சாண் உயரக் கற்களை வரிசையாகப் புதைத்திருந்தார்கள். மேலிருந்து வருகிற தண்ணீர் கல்லில் முட்டித் திரும்பிப் பள்ளப் பக்கத்துப் புதருக்குள் வழிந்துவிடும். இருபது, முப்பது அடிக்கு ஒரு வரிசை. ஒரு வரிசையில் இரண்டு கல் பெயர்ந்து கிடந்தது. பக்கத்துக் கொல்லையில் மரவள்ளி பிடுங்கிக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து சொன்னார்: “வண்டி ஏத்தறப்ப பேத்துட்டுப் போயிட்டாங்க சாமி. ரெண்டு கல்லுதான. ஆனா மழ வந்தா மொத்தப் பாதயும் கீழ போயிரும்.” கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அவரே குனிந்து ஒரு கல்லைத் திருப்பி வைத்தார். பாதையைத் திறந்து வைத்திருப்பவர் யார் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

சட்டத்தில் குழப்பமில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 1882-ஆம் ஆண்டு வனச் சட்டத்திலிருந்து அப்படித்தான். ஆனாலும் நடைபயணிகளை நெடுங்காலம் யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. 2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்தது. 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன, பல பாதைகள் மூடப்பட்டன. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை அரசு திறந்தது. கட்டணம், முன்பதிவு, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். இது காலுக்குத் திறந்த கதவு, சக்கரத்துக்கு இல்லை. காப்புக்காட்டுக்குள் கேளிக்கைக்காக வண்டி ஓட்டுவதைத் தடுப்பது சரியென்பதே என் கட்சி.

ஆனால் பாதையை மூடிவிட்டால் காடு பிழைத்தது என்று நினைப்பதும் அரைகுறைதான். ஆள் நடமாட்டம் நின்ற பாதையை உண்ணிச்செடி சில மழைக்காலத்திலேயே விழுங்கிவிடும். கோடையில் காய்ந்து நிற்கும் அந்தப் புதர் தீக்கு நல்ல விறகு. தீயணைக்கப் போகிற வனக்காவலருக்கும் அப்போது வழியிருக்காது. அதைவிட முக்கியம், கல்வராயனில் பாதை என்பது பொழுதுபோக்கு இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, சாராயத்தின் வேரைத் தேடிய எல்லோரும் இந்த மலையைத்தான் காட்டினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் மலைமக்களின் நிலை குறித்துத் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கே பேசப்பட்டவற்றில் சாலையும் ஒன்று. வேலையும் வழியும் இல்லாத மலையில் சாராயம் ஒரு தொழிலாவது அதிசயமில்லை. இன்று தெரியாத முகம் ஒன்று காட்டுத்தடத்தில் பைக்கில் வந்தால் போலீசும் சந்தேகப்படுகிறது, ஊரும் சந்தேகப்படுகிறது. தலைக்கவசத்தில் கேமரா மாட்டியிருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

ஊருக்குச் சாலை வேண்டுமென்றால் சட்டத்தில் வழி இருக்கிறது. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, பள்ளி, மருந்தகம், சாலை போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்கு மிகாமல் காட்டு நிலம் தர அனுமதிக்கிறது. ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். கிராம சபை என்ற அந்தச் சொற்களில்தான் பாதை அரசியலின் முடிச்சு இருக்கிறது. எந்தப் பாதை திறக்க வேண்டும், எது மூட வேண்டும் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் மலையில் இருக்கிறவர்கள்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதில்லை. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் ரூபிகான் என்று ஒரு கரடுமுரடான ஜீப் பாதை. ஜீப் கம்பெனி தன் வண்டிக்கே அந்தப் பெயரை வைத்தது. 1887-லேயே எல் டொராடோ கவுண்டி அதைப் பொதுப்பாதை என்று அறிவித்துவிட்டது. ஆக, உரிமை பற்றிச் சந்தேகமில்லை. ஆனாலும் 2004-ல் பாதையோரம் இருந்த ஸ்பைடர் ஏரிப் பகுதியை மூட வேண்டி வந்தது. காரணம் கேட்டால் சிரிப்பு வரும்: முகாமிட்டவர்களின் மலம். 2009-ல் வட்டார நீர்த்தர வாரியம், பாதையிலிருந்து மண் அரித்து ஓடைகளில் கலக்கிறது, சரிசெய் என்று உத்தரவே போட்டது. பாதை மூடப்படும் என்ற பேச்சு வந்ததால் 2001-லேயே ஜீப் ஓட்டிகள் சேர்ந்து ‘ரூபிகானின் நண்பர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். கொடி பிடித்ததைவிட அவர்கள் கல் சுமந்ததுதான் பலித்தது. பள்ளத்தில் பாறை நிரப்புவது, தண்ணீரைப் பக்கவாட்டில் திருப்புவது, மலத்தைப் பையில் கட்டி எடுத்துப் போகச் சொல்வது என்று வேலை செய்தார்கள். பாதை இன்றும் திறந்திருக்கிறது. கல்வராயன் பெரியவர் திருப்பி வைத்த கல்லும் அதே வேலையைத்தான் செய்கிறது. அவருக்குச் சங்கமும் இல்லை, சட்டை முதுகில் பெயரும் இல்லை.

மலையிலிருந்து இறங்கினால் மணிமுக்தா அணை. 1970-ல் கட்டியது, முழு நீர்மட்டம் 36 அடி. பெரிய அணை இல்லை. அதனால்தான் வண்டல் இங்கே பெரிய விஷயம். ஆழமான அணையில் அடியில் சேரும் மண் கண்ணில் படாது. இங்கே சேரும் ஒவ்வொரு அடியும் ஒரு பாசனக் காலத்தின் தண்ணீர். விருத்தாசலம் பீங்கான் பட்டறைகளில் களிமண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் விடுவார்கள். கனமான மணல் முதலில் அடியில் படியும், மாவு போன்ற களி மிதந்தபடி அடுத்த தொட்டிக்குப் போகும். அணையும் அப்படியொரு தொட்டிதான். பைக் தடத்திலிருந்து வந்த பருமணல் அதன் வாயிலேயே தங்கிவிடும். நுண்ணிய மண் மட்டும் கலங்கல் நிறமாக மதகு வழியே வெளியேறிப் பயணத்தைத் தொடரும்.

அடுத்து வருவது சமவெளி. நெல், கரும்பு, மோட்டார் கொட்டகை. நல்லூர் அருகே கோமுகி வந்து கலக்கிறது. வெள்ளிமலைச் சாலையோரம் நாம் பார்த்த அதே கோமுகிதான். சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பாலத்தைக் கடக்கும்போது கீழே ஆறு இருக்கிறதா என்று பார்ப்பதுகூட இல்லை. பார்த்தாலும் பெரும்பாலான மாதங்களில் மணல்தான் தெரியும்.

விருத்தாசலத்தில் ஆறு ஊருக்குள் வருகிறது. கரையில் விருத்தகிரீசுவரர் கோயில். பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே பெற்ற 12,000 பொன்னை மணிமுக்தாவில் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்பது தலபுராணம். மலை மண்ணுக்கு அந்த வசதி இல்லை. இங்கே வந்து சேர்ந்தது இங்கேயே கிடக்கும், இல்லாவிட்டால் லாரியில் போகும். மாசி மகத்தன்று ஆற்றில் கூட்டம் தாங்காது. மற்ற நாட்களில் சீமைக்கருவேலமும் ஊர்க் கழிவுநீரும்தான் அங்கே குடியிருக்கின்றன.

செராமிக் படிப்புக்கென்றே அரசு பாலிடெக்னிக் உள்ள ஊர் இது. பீஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை, கார்த்திகைக்கு அகல் என்று எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறது இந்த ஊர்ச் சரக்கு. வேண்டிய களிமண் ஆற்றிலிருந்து வருவதில்லை. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேல் இருந்து தோண்டி எடுக்கும் மண்தான் முக்கியம். ஆனால் மண்ணைப் பற்றிப் பேச இங்கேயுள்ள தொழிலாளியைவிட ஆள் கிடையாது. பிளாஸ்டர் அச்சில் களிக்கூழை ஊற்றிவிட்டுக் காத்திருப்பார். அச்சு தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச ஓரத்தில் களி கெட்டிப்படும். எவ்வளவு நேரத்தில் கவிழ்க்க வேண்டும் என்று கடிகாரம் பார்க்கமாட்டார், ஓரத்தின் பளபளப்பு மங்குவதைப் பார்ப்பார். தண்ணீர் எங்கே போக வேண்டும், எவ்வளவு மெதுவாகப் போக வேண்டும் என்பதே அந்தத் தொழிலின் பாதி. மலைப்பாதை போடுகிறவனுக்கும் அதே பாடந்தான்.

விருத்தாசலத்துக்குக் கீழே ஆற்றுக்கு அவசரம் இல்லை. கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு சேர்ந்துவிடுகிறது. சேர்ந்த பிறகு பெயர் வெள்ளாறு. சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் பரங்கிப்பேட்டையில் கடல். வெள்ளக் காலத்தில் கூடலையாற்றூரில் நின்றால் மணிமுக்தா எந்த நிறத்தில் வருகிறது என்பது தெரியும். மேலே என்ன நடந்தது என்பதற்கு அதைவிடச் சாட்சி தேவையில்லை.

நெய்வேலி, விருத்தாசலம், கடலூர், புதுச்சேரியிலிருந்து கல்வராயனுக்கு வண்டி எடுக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு வேண்டுகோள். இந்தப் புரட்டாசியில், மழை பிடிப்பதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்குங்கள். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் எந்தப் பாதை கெட்டிருக்கிறது என்று கேளுங்கள். வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டுக் கடப்பாரையும் மண்வெட்டியும் எடுத்து நடந்து போங்கள். ஒரு சரிவில், அவர்கள் காட்டுகிற இடத்தில், அவர்கள் சொல்கிற சாய்வில் கல் வரிசை போட்டுவிட்டு வாருங்கள். அடுத்த வருடம் அதே இடத்துக்குப் போய்க் கல் நிற்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகு, எங்களுக்கும் ஒரு பாதை வேண்டும் என்று கிராம சபையில் கேட்டால், காது கொடுப்பார்கள்.