தோற்பதற்கான சொற்கள்

தமிழில் 'தோற்றான்' என்று சொல்லும்போது தோற்றவன் எழுவாயாக இருக்கிறான். அவனைத் தோற்கடித்தவன் வாக்கியத்துக்குள் வந்தே ஆகவேண்டும் என்பதில்லை. வந்தாலும் 'அவனிடம்' என்று ஒரு உருபைப் பிடித்துக்கொண்டு ஓரமாகத்தான் நிற்கிறான். 'தோற்கடி' என்ற வினைகூடத் தோற்பவனுடைய வினையிலிருந்து உண்டாக்கப்பட்டது. ஆங்கிலத்தில் இந்த இடம் அநேகமாகக் காலி. டிஃபீட், பீட், கான்கர், வான்க்விஷ், ஸப்டியூ, ஓவர்கம், ஓவர்பவர் எல்லாமே ஜெயித்தவன் செய்கிற காரியங்கள். தோற்றவன் அவற்றில் செயப்படுபொருள். அவனுக்கென்று மிஞ்சுவது லூஸ் என்ற சொல். அது சாவியைத் தொலைத்தவனுக்கும் தாயை இழந்தவனுக்கும் பொது. ஸக்கம்ப் என்று இன்னொன்று இருக்கிறது. அதன் லத்தீன் வேருக்கு அர்த்தம் கீழே கிடத்தல்.

சங்கரன்கோவில் பக்கம் மேலநீலிதநல்லூரில், கல்லூரியில் படிக்கும் பையன்கள் நாலைந்து பேருக்கு மாலையில் திண்ணையில் உட்கார்ந்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கல்லூரிக்குப் போகிற முதல் ஆள். அகராதி எல்லாச் சொல்லுக்கும் 'வெல்', 'தோற்கடி' என்று போட்டுவிடுகிறது. எதை எங்கே போடுவது என்று கேட்கிறார்கள். வேரைச் சொன்னால் ஞாபகத்தில் நிற்கிறது என்பதால் வேர்களைச் சொல்வேன். டிஃபீட் என்பது பழைய பிரெஞ்சில் செய்ததைக் குலைப்பது. கான்கர் என்பதற்குள் தேடுதல் என்ற லத்தீன் வினை இருக்கிறது, தேடிப்போய்ப் பெற்றுக்கொள்வது. வின் என்பதன் பழைய ஆங்கில மூலத்துக்கு உழைத்தல், போராடுதல், பாடுபடுதல் என்று பொருள். ஓவர்வெல்ம் என்பதில் உள்ள வெல்ம் கவிழ்ப்பதைக் குறிக்கிறது. படகு குப்புறக் கவிழ்ந்து, மேலே தண்ணீர் மூடுவது. மானாவாரிக் காட்டில் மழையை எதிர்பார்த்து நிற்கிற ஊர்ப் பையன்களுக்கு இந்தக் கவிழ்ந்த படகைக் காட்டுவது கஷ்டமாக இருந்தது. 'மூச்சு முட்டுறது' என்றேன். புரிந்துவிட்டது.

ஒரு விஷயம் கவனிக்கத் தகுந்தது. ஆங்கிலம் இந்தக் காரியத்தைப் பெரும்பாலும் உயரத்தை வைத்து அளக்கிறது. ஒருவன் 'ஓவர்', மற்றவன் 'ஸப்'. தமிழிலும் 'மேற்கொள்', 'கீழ்ப்படுத்து' உண்டுதான். ஆனால் அன்றாடப் பேச்சில் நம் மொழி கையை வைத்தே அளக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கைப்பற்றுதல், கைவிடுதல், கைமீறுதல், கையாலாகாமை, கையறுதல். மேல் கீழ் தெரிவதற்குக் குறைந்தது இரண்டு பேர் வேண்டும். கை ஒற்றை ஆளின் உடம்பில் இருக்கிறது. அது ஓய்ந்துபோனால் எதிரில் யாரும் இல்லாவிட்டாலும் தோல்விதான்.

போன வருஷம் ஒரு பையன் ஒரு விண்ணப்பப் படிவத்தை எடுத்துக்கொண்டு வந்தான். நீங்கள் 'ஓவர்கம்' செய்த ஒரு இடரைப் பற்றி இருநூறு வார்த்தைகளில் எழுதவும் என்று அதில் கேட்டிருந்தார்கள். இப்போது உதவித்தொகைக்கானாலும் வேலைக்கானாலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. அவன் அப்பா இரண்டு விசைத்தறி வைத்திருந்தார். ஒன்றை விற்று, பிறகு மற்றதையும் விற்று, இப்போது வேறொருவர் தறியில் கூலிக்கு ஓட்டுகிறார். கடன் இன்னும் அடையவில்லை.

'இதத்தான் எழுதணும்னு இருக்கேன் ஸார். ஆனா இன்னும் முடியலையே. எப்படி ஓவர்கம்னு போட?'

'நீ படிக்க வந்திருக்கியேப்பா, அத எழுது.'

'நான் வந்திட்டேன் ஸார். அப்பா தோத்துட்டாருல்லா. அவரு தோத்தத நான் ஜெயிச்சதா எப்படி எழுத?'

படிவம் கேட்பது ஒரு கதையை. இடர் முதல் பத்தியில் வந்து கடைசிப் பத்தியில் தீர்ந்துவிட வேண்டும். அந்தக் கதைக்குள் அடங்காத ஒரு மனிதர் வீட்டில் இருக்கிறார் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. ஓவர்கம் என்ற சொல்லுக்கு வேறொரு உபயோகமும் உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்கள் 1960களின் குடியுரிமைப் போராட்டத்தில் பாடிய 'வீ ஷல் ஓவர்கம்' பாட்டில் அந்த வினைக்குச் செயப்படுபொருளே கிடையாது. யாரை, எதை என்று சொல்வதில்லை. காலமும் எதிர்காலம். இன்னும் ஓவர்கம் செய்யாதவர்கள் பாடுகிற பாட்டு அது. கிரிஜா குமார் மாத்தூர் ஹிந்தியில் ஆக்கியபோது அந்த இடத்தில் 'காம்யாப்' வந்து உட்கார்ந்தது. அதற்கு 'வெற்றியடைந்த' என்று அர்த்தம். பரீட்சை முடிவுக்கும் பொருந்துகிற சொல். படிவம் கேட்பதும் அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

இந்த வட்டாரத்தின் தோல்விகள் எல்லாம் முதலில் ஆங்கிலத்தில்தான் விரிவாக எழுதப்பட்டன என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நெற்கட்டும்செவல் சங்கரன்கோவிலிலிருந்து அதிக தூரமில்லை. 1755இல் கர்னல் ஹெரான் பூலித்தேவரிடம் கப்பம் கேட்டு அங்கே வந்து, பெரிய பீரங்கிகள் இல்லாமல், கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பினான். 1761இல் யூசுப்கான் அதைப் பிடித்தான். கான்சாகிப் என்று நம் ஜனங்கள் சொல்கிற அதே ஆள். யாருக்காக ஜெயித்தானோ அவர்களே 1764இல் அவனை மதுரையில் தூக்கிலிட்டார்கள். அந்நாளைய ராணுவ ஆங்கிலத்தில் கோட்டையைப் பிடிப்பதற்கு வழக்கமான சொல் ரெட்யூஸ். கணக்கில் பின்னத்தைச் சுருக்குவதற்கும் அதே சொல்தான். 1881இல் கால்டுவெல் எழுதிய திருநெல்வேலிச் சரித்திரத்தின் தலைப்பே, ஜில்லா 1801இல் ஆங்கில அரசுக்கு 'ஸெஷன்' ஆனதுவரை என்று சொல்கிறது. ஸெஷன் என்றால் விட்டுக்கொடுத்தல். விட்டுக்கொடுத்தவர் நவாபு, உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டவர். அதே 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்குள் செத்தவர்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர்களுக்கு அந்தத் தலைப்பில் வினை இல்லை.

இதற்கு நாம் செய்த பதில் என்ன என்று பார்த்தால் சங்கடமாகத்தான் இருக்கிறது. நம் மேடைப் பேச்சிலும் பாடப் புத்தகத்திலும் சினிமாவிலும் யாரும் தோற்பதே இல்லை. காட்டிக்கொடுக்கப்படுகிறார்கள், சூழ்ச்சியில் விழுகிறார்கள். காட்டிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பது வாஸ்தவம். ஆனால் பீரங்கியும் ரூபாயும் ஒரு தொலைநோக்குள்ள நிர்வாகமும் சேர்ந்து, மண்கோட்டையும் வேலும் கொண்ட மனிதர்களை நாற்பத்தாறு வருஷங்களில் எப்படித் தோற்க வைத்தன என்று யோசிக்க 'தோற்றோம்' என்ற சொல் வேண்டும். 1959இல் வந்த கட்டபொம்மன் படத்தின் வசனத்தை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிற பையன்கள் இங்கே இருக்கிறார்கள். 1803இல் நிரந்தர செட்டில்மெண்டு வந்து, மிஞ்சிய பாளையக்காரர்கள் ஜமீன்தார்களானது அவர்களில் ஒருவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. செட்டில்மெண்டு என்பதும் நான் அவர்களுக்கு எழுதிக் கொடுத்த பட்டியலில் சேர வேண்டிய சொல்தான்.

நம் கவிதைக்கு இந்தச் சங்கடம் முன்பு இருந்ததில்லை. தொல்காப்பியம் வெற்றிக்கு வாகை என்று ஒரு திணையையே ஒதுக்கியிருக்கிறது. தோற்றவனுக்கென்று தனித் திணை இல்லை. ஆனால் காஞ்சித் திணையில், இறந்தவர்களுக்காக எஞ்சியவர்கள் புலம்புவதற்குக் கையறுநிலை என்ற துறை இருக்கிறது. புறநானூற்றில் பாரி மகளிர் பாடியதாக உள்ள சிறு பாட்டில் தோல்வி என்ற சொல் வராது. வெற்றி என்ற அடை எதிரி வேந்தர்களின் முரசுக்குப் போய்விடுகிறது. பெண்கள் தங்களுக்கு வைத்துக்கொள்வது, இருந்தது, இப்போது இல்லை என்கிற கணக்கு மட்டும். சூழ்ச்சி, துரோகம் என்று ஒரு வார்த்தை இல்லை. இன்றைய புதுக்கவிதையில் தோல்வி தாராளமாகப் புழங்குகிறது. ஆனால் யாரிடம், எதை இழந்து என்று பல கவிதைகளில் கேட்க முடிவதில்லை. தோற்றவனின் சொத்துப்பட்டியல் இல்லாத தோல்வி ஒரு பாவனையாகத்தான் எஞ்சுகிறது.

மூச்சு முட்டுவதை விரும்பி ஏற்கிற ஒரு மரபும் நம்மிடம் இருக்கிறது. 'ஆட்கொண்டான்' என்று சைவர்கள் சொல்லும்போது, ஆட்பட்டவன் அதைக் குறையாகச் சொல்வதில்லை. ஓவர்வெல்ம் என்பதை நன்றிக்கும் சந்தோஷத்துக்கும் ஆங்கிலேயர்கள் பயன்படுத்துவதைப் பையன்களுக்கு விளக்க இந்தச் சொல்தான் கைகொடுத்தது. சங்கரன்கோவில் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சிவன் பெரியவனா திருமால் பெரியவனா என்று வழக்காடுகிறார்கள். கோமதியம்மன் தவத்துக்கு இரங்கிப் பாதி சிவனாகவும் பாதி திருமாலாகவும் இறைவன் காட்சி தர, வழக்கு தீர்கிறது. யாரும் தோற்கவில்லை. ஆடித்தபசுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வந்து பார்க்கிறது. கடவுளுக்குச் சாத்தியமாகிற தீர்ப்பு அது. தறி விற்றவருக்கும் கடன் கொடுத்தவருக்கும் நடுவே அப்படி ஒரு கோடு விழுவதில்லை.

பையன் படிவத்தைக் கடைசியில் பூர்த்தி செய்தான். ஓவர்கம் என்ற சொல்லைப் போடவில்லை. லூஸ் என்பதன் இறந்தகாலத்தைப் போட்டு, என் அப்பா இரண்டு தறிகளை இழந்தார், இப்போது மற்றொருவருடைய தறியில் நெய்கிறார், மாதம் இவ்வளவு வட்டி கட்டுகிறோம், நான் இரண்டாம் வருஷம் படிக்கிறேன் என்று வரிசையாக எழுதியிருந்தான். இருநூறு வார்த்தை வரவில்லை. நூற்றுச் சொச்சம்தான் வந்தது. இலக்கணப் பிழை இரண்டு இருந்தது. அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன். கடைசிப் பத்தியில் நம்பிக்கையாக ஏதாவது சேர்க்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். உதவித்தொகை கிடைத்ததா இல்லையா என்பது இந்தக் கட்டுரையின் விஷயமில்லை. அப்பாவைத் தன் வெற்றிக்கு முன்கதையாக ஆக்காமல் ஒருவன் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறான். அந்த மொழியில் அதற்குச் சொல் குறைவு என்பதால் அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.