அப்பளத்துக்குப் பிரண்டை

அப்பள மாவில் பிரண்டைச் சாறு எதற்கு? உளுந்து, உப்பு, பெருங்காயம், சீரகம், மிளகு எல்லாம் நாக்குக்குத் தெரிந்தவை. கையில் பட்டால் அரிக்கிற, வேலியில் தன்பாட்டுக்குப் படர்கிற ஒரு கொடி இவற்றோடு எப்படிச் சேர்ந்தது? கடை அப்பளத்தில் அதன் வேலையை அப்பளக்காரம் பார்த்துவிடுகிறது. அதனால் திருவண்ணாமலை வேங்கிக்காலுக்குக் குடிவரும்வரை எனக்கு இப்படிக் கேட்கத் தோன்றியதே இல்லை.

இங்கே எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து மனை காலி. அதன் கம்பி வேலி முழுக்கப் பிரண்டை. ஆட்சியர் அலுவலகத்துக்கு நடந்தே போய்வரலாம் என்று நான் பார்த்துவைத்த வீடு இது. அம்மாவுக்கு வீடு பிடித்துப்போனது அந்த வேலியால்தான். போளூர்ப் பக்கத்து ஊர்வீட்டைப் பூட்டி, சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டு என்னோடு வந்தவள் கொண்டுவந்த சாமான் கொஞ்சம். புளிப்பானை, அப்பளப் பலகையும் குழவியும், கூடை பின்னுகிற ஒயர்ச் சுருள்கள் கொஞ்சம், அவ்வளவுதான். பால்கனியில் போய் நின்று வேலியைப் பார்த்தவள், "பாப்பா, எல்லாம் இளசா இருக்குது, ஒரு கத்திரி எடு" என்றாள். பால் காய்ச்சிய அடுப்பில் அடுத்து ஏறியது பிரண்டைத் துவையல்.

துவையலுக்கு நுனிப்பக்கத்து மூன்று நான்கு கணு மட்டும் ஆகும். அதற்குக் கீழே நார் முற்றிவிடும். உள்ளங்கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். நான்கு பட்டைத் தண்டை ஒடித்து, ஓரத்து நாரை நகத்தால் பிடித்து இழுத்தால் வாழைநார் மாதிரி நீளமாக உரிந்து வரும். கணுவை நறுக்கி எறிந்துவிடுவாள் அம்மா. தண்டுக்குள் கால்சியம் ஆக்சலேட் ஊசி ஊசியாகப் படிந்திருக்கிறது, அரிப்பு அதனால்தான். பச்சை நிறம் மங்கிப் பழுப்பேறும்வரை எண்ணெயில் நன்றாக வதக்கி, புளியைத் தாராளமாகச் சேர்த்தால் நாக்கில் அந்த அரிப்பு தெரியாது. உளுத்தம்பருப்பும் காய்ந்த மிளகாயும் சிவக்க வறுத்து, உப்போடு சேர்த்துக் கரகரப்பாக அரைத்து எடுத்தால், சூடான சோற்றில் இன்னும் கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து சாப்பிடலாம்.

வேலியில் கிடக்கிற கொடி என்று இதை யாரும் குறைவாக நினைத்ததில்லை. திதிச் சமையலில் இதற்குத் தனி இடம் உண்டு. வசிஷ்டர் வீட்டுச் சிராத்தத்துக்கு அழைக்கப்பட்ட விசுவாமித்திரர் ஆயிரத்தெட்டுக் கறி வேண்டும் என்றாராம். அருந்ததி இலையில் பாகற்காயும் பிரண்டையும் பலாவும், கூட எட்டு வகையும் வைத்தாள். பாகல் நூற்றுக்குச் சமம், பிரண்டை முந்நூற்றுக்கு, பலா அறுநூற்றுக்கு, ஆகக் கணக்குச் சரி என்று அவள் சொன்னதும் முனிவர் உட்கார்ந்து சாப்பிட்டார். இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது அருந்ததியின் தெம்பு. சமையல்கட்டில் நிற்பவளுக்கு எது எதற்குச் சமம் என்று தெரியும்.

அம்மா துவையலோடு நிற்கவில்லை. அப்பளம் இட வேண்டும் என்றாள். கடையில் கிடைக்கிறதே என்று சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. பிறகுதான் இடிக்க உரல் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கீழ்வீட்டு அக்கா தம் மாமியார் காலத்துக் கருங்கல் உரலைத் துளசித் தொட்டிக்கு முட்டாக வைத்திருந்தார். விஷயம் தெரிந்ததும் தொட்டியை இறக்கிவிட்டு, அவரே உரலைத் தேய்த்துக் கழுவி, லிஃப்டில் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டார். பிரண்டையை இடித்துப் பிழிந்த சாற்றில் உப்பையும் பெருங்காயத்தையும் கரைத்து, அந்தத் தண்ணீரில் உளுந்து மாவைக் கெட்டியாகப் பிசைந்தாள் அம்மா. உலக்கைப் பூணில் எண்ணெய் தடவி அக்காவும் நானும் மாறி மாறி இடித்தோம். முதலில் மாவு உதிர்கிறது, பிறகு உலக்கையோடு ஒட்டிக்கொண்டு மேலே வருகிறது, அப்புறம் ஒரு கட்டத்தில் இழுத்தால் இழுத்த இழுப்புக்கு வருகிறது. அந்தக் கட்டம் வந்ததை அம்மா கையால் தொட்டுப் பார்க்கவில்லை, இடிக்கிற சத்தத்திலேயே தெரிந்துகொண்டாள். "போதும், வச்சிடுங்க." மாவைக் கயிறாகத் திரித்து, நூலால் அறுத்து உருண்டையாக்கினாள். பிரண்டை எதற்கு என்று நான் கேட்டது அப்போதுதான். "பொரியறப்போ பூத்து வரணும் இல்ல? வெறும் மாவு எப்படிப் பூக்கும்?"

மாடியிலிருந்து அண்ணாமலை முழுசாகத் தெரியும். அந்த மலையில் ஒரு தாயும் மகனும் சேர்ந்து குடியிருந்த கதையில் அப்பளமும் வருகிறது, பிரண்டையும் வருகிறது.

1896 ஆகஸ்டு கடைசியில் மதுரை வீட்டை விட்டுக் கிளம்பிய பதினாறு வயது வேங்கடராமன், பின்னாளின் ரமணர், செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். 1898இல் பவழக்குன்றில் அவரைக் கண்டுபிடித்து வந்த அம்மா அழகம்மாள், வீட்டுக்கு வந்துவிடு என்று நாள்கணக்கில் அழுது பார்த்தார். பேசாதிருந்த மகன், நடப்பது நடந்தே தீரும் என்ற கருத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அம்மா திரும்பிப் போனார். 1916இல் வந்தவர் தங்கிவிட்டார். அந்த வருஷமே விரூபாட்சி குகையை விட்டு மேலேயுள்ள கந்தாசிரமத்துக்கு எல்லோரும் குடிமாறினார்கள். அதற்கு முன்பு மலையில் அடுப்பு என்று ஒன்று ஒழுங்காக எரிந்ததில்லை. ஊருக்குள் பிச்சை எடுத்து வருவதும், எச்சம்மாள், முதலியார் பாட்டி போன்றவர்கள் வெயிலில் மலையேறிக் கொண்டுவந்து தருவதும்தான் சாப்பாடு. அழகம்மாள் வந்து உலை வைத்தார்.

அவர் மகனோடு வந்திருந்த ஆரம்ப நாட்களில் நடந்தது அப்பளச் சங்கதி. ரமணர் பிற்காலத்தில் சொல்லக் கேட்டு, சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்களில் அதைப் பதிந்துவைத்திருக்கிறார். அம்மா தெரிந்த வீடுகளுக்குப் போய் உளுந்தும் மற்றதும் சேகரித்து வந்தார். இரவில் எல்லோரும் போன பிறகு பலகையும் குழவியும் எடுத்து உட்கார்ந்தார். இருநூறு முந்நூறு அப்பளத்துக்கு மாவு. மகனைக் கைகொடுக்கச் சொல்லிக் கூப்பிட்டார். எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த பிறகு இது எதற்கு, நான் வரமாட்டேன் என்று மகன் மறுத்துவிட்டார். அம்மா இட இட, மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டுக் கட்டினார். அம்மா அப்பளத்தை முடித்தபோது பாட்டும் முடிந்திருந்தது. நீ இட்டதை நீ சாப்பிடு, நான் இட்டதை நான் சாப்பிடுகிறேன் என்கிற மாதிரி அம்மாவிடம் சொன்னாராம். அதுதான் அப்பளப் பாட்டு.

வேதாந்தப் பாட்டு என்றுதான் அதைச் சொல்வார்கள். நான் என்னும் எண்ணம்தான் அதில் உளுந்து. நான் யார் என்று கேட்கிற விசாரம் திரிகை. நல்லோர் கூட்டம் பிரண்டைச் சாறு. மன அடக்கமும் புலனடக்கமும் சீரகம், மிளகு. பற்றிலிருந்து விலகி நிற்பது உப்பு. நல்ல வாசனை பெருங்காயம். உள்முகமாகத் திரும்பிய உலக்கையால் ஓயாமல் இடித்து, சாந்தம் என்ற குழவியால் சமம் என்ற பலகையில் இட்டு, மௌனம் என்ற பாத்திரத்தில் பிரம்மம் என்ற நெய்யில் ஞானத் தீயால் பொரிக்கச் சொல்கிறது பாட்டு.

இதை ஒரு சாயங்காலம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒயர்க் கூடைக்குச் சிவன் கண் முடிச்சுப் போட்டுக்கொண்டு கேட்டாள். அந்த முடிச்சுக்கு அவளுக்குக் கண் வேண்டாம், விரல் போதும். தத்துவத்தை அவள் பக்தியோடு கேட்டுக்கொண்டாள். ஆனால் நான் படிக்கப் படிக்க அவள் உதடு முணுமுணுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. உளுந்தை முதலில் உடைக்கணும், சரி. சாறு, சீரகம், மிளகு, உப்பு, காயம், சரி. இடிச்ச பிறகுதான் பலகை, சரி. "நெய்யிலயா பொரிக்கச் சொல்றாரு? நாம எண்ணெயிலதான்" என்பது ஒன்றுதான் அவள் எழுப்பிய ஆட்சேபம். "மத்தபடி ஒண்ணும் விட்டுப்போகல. பக்கத்துல உக்காந்து பாத்தவருதான் இத எழுத முடியும்."

அவள் சொன்னதில்தான் என் மனம் நின்றுவிட்டது. அம்மாவின் உலக வேலைக்கு மகன் தந்த ஞானப் பதில் என்று இந்தப் பாட்டைச் சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். பதில் அது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கை கொடுக்க மறுத்தவர், அந்தக் கைவேலையின் ஒரு படியைக்கூடத் தவறவிடாமல் பார்த்திருக்கிறார். இடிப்பதை நிறுத்தக் கூடாது என்பதும், பலகை மேடுபள்ளமில்லாமல் இருக்க வேண்டும் என்பதும் அடுக்களைக்காரர்களின் அறிவு. நல்லோர் கூட்டத்துக்குப் பிரண்டையை அவர் தேர்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. தித்திக்கிற பொருள் ஏதாவது கிடைத்திருக்கும். அவர் எடுத்துக்கொண்டதோ அரிக்கிற கொடியை. தனித்தனியாகக் கிடக்கும் மாவைச் சேர்த்துப் பிடித்து, சட்டியில் மலர வைப்பது அதுதான். கீழ்வீட்டு அக்கா துளசித் தொட்டியை இறக்கிவைத்த நாளிலிருந்து எங்கள் மாடிப்படியில் மற்றவர்களும் நின்று பேசுகிறார்கள்.

வீட்டுக்கு வா என்று கூப்பிட்டு முடியாமல் திரும்பிய அழகம்மாள், மகன் இருந்த இடத்துக்கே வீட்டைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்றுதான் நான் படிக்கிறேன். 1922 மே 19 அன்று அவர் மறைந்தார். மலையடிவாரத்தில் அவரை அடக்கம் செய்த இடத்துக்கு மகன் அடிக்கடி இறங்கி வந்து, பிறகு அங்கேயே தங்கிவிட்டார். அதைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. அங்கே அதிகாலையில் காய் நறுக்கியவர், சட்னி அரைத்தவர், சாம்பாருக்குப் பக்குவம் சொன்னவர் அதே மகன். அப்பளம் இட வரமாட்டேன் என்றவர் வருஷக்கணக்காக ஆசிரமத்துச் சமையல்கட்டில் நின்றார். இதில் ஜெயித்தது அம்மா.

ரமணர் கை எதையும் விட்டுவைத்ததில்லை. கொட்டாங்குச்சியைத் தேய்த்துப் பளபளப்பான கிண்ணமாக்குவார், புத்தகம் பைண்டு செய்வார், இலை தைப்பார். வேலூர் ஊரிஸ் கல்லூரித் தெலுங்குப் பண்டிதர் ரங்காச்சாரி, பலன் கருதாத செயல் என்றால் என்ன என்று ஒரு நாள் கேட்டார். பதில் வரவில்லை. பிறகு மலைமேல் நடக்கும்போது வழியில் கிடந்த ஒரு முள்கம்பை எடுத்து உட்கார்ந்தார் ரமணர். முள்ளைச் சீவினார், கணுக்களை மழித்தார், சொரசொரப்பான இலை ஒன்றால் முழுக் கம்பையும் தேய்த்தார். ஆறு மணி நேரம் போல ஆனது. முள்கம்பு இவ்வளவு அழகான கைத்தடியாகிவிட்டதே என்று எல்லோரும் வியந்து நிற்க, வழியில் வந்த ஆடு மேய்க்கும் பையன் தன் கோலைத் தொலைத்துவிட்டுத் திகைத்து நின்றான். அவனிடம் கொடுத்துவிட்டு நடந்தார். கேட்ட கேள்விக்கு விடை அதுதான் என்று பண்டிதர் புரிந்துகொண்டார். படிக்கும்போதெல்லாம் நான் நிற்பது கொடுத்த இடத்தில் இல்லை, அந்த ஆறு மணி நேரத்தில்தான். யாருக்கு என்று தெரியாத ஒரு கோலுக்கு, கடைசிக் கணுவரை இலையால் தேய்க்கிற பொறுமை. அம்மாவின் கூடைகளும் அப்படித்தான் கிளம்புகின்றன. கைப்பிடி போட்டு முடிக்கும்வரை அது யார் வீட்டுக்குப் போகும் என்று அவளுக்கே தெரியாது.

ஆசிரமச் சமையல்கட்டில் வேலை பார்த்த சம்பூர்ணம்மாள் சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒரு சமயம் கத்திரிக்காய் மூட்டையாக வந்து இறங்க, நாள்தோறும் அதையே சமைத்தார்கள். காம்பு மட்டும் ஒரு குவியல் சேர்ந்துவிட்டது. அதையும் கறி பண்ணச் சொன்னார் ரமணர். மாடுகூடத் தொடாதே என்று அந்த அம்மாள் திகைத்தார். காய்ந்த பட்டாணியோடு போட்டு மணிக்கணக்கில் வேகவைத்தும் காம்பு இளகவில்லை. அவர் வந்து பார்த்துப் போனார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் பதமாக வெந்துவிட்டது.

இதையும் அம்மாவிடம் சொன்னேன். அற்புதம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன்.

"காம்ப யாரு தூக்கிப் போடுவா? முள்ளக் கிள்ளிட்டு, மொச்சையோட சேத்துப் புளி ஊத்தி வச்சா சதைய விட அதுதான் ருசி. உங்க பாட்டி எங்களுக்கெல்லாம் காயப் போட்டுட்டு, தனக்குக் காம்ப எடுத்துக்கும். அது தியாகம்னு நாங்க நெனச்சிக்கினு இருந்தோம். அப்புறமாதான் ருசி தெரிஞ்சுது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மொச்சை ஊறப்போட்டோம். காம்போடு வைத்த குழம்பு, சுட்ட அப்பளம். கீழ்வீட்டுக்கும் ஒரு கிண்ணம் போனது.